பத்திரம் எழுதும் தம்பிக்கு



நீ அனுப்பிய வரைவைப் படித்தேன். ‘நிதி நிட்சேப ஜல தரு பாஷாண அட்சீணி ஆகாமி சித்த சாத்தியங்கள் சகிதம்’ என்ற வரி ஓர் எழுத்துப் பிசகாமல் வந்திருக்கிறது. ஆனால் நீ எழுதுவது உப்பளக் குத்தகையின் மாற்றுப் பத்திரம். நிலம் அரசினுடையது. தன்னிடம் இல்லாத புதையலையும் பாறையையும் குத்தகைக்காரர் உன் பேனாவால் விற்றுவிட்டார்!

முழு உரிமையாளர் விற்கும்போது எழுதும் வரி அது. அப்போதும் எல்லாம் கைக்கு வந்துவிடாது. நிதியும் நிட்சேபமும் புதையலைச் சேர்ந்தவை. 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும். ஆகாமி, சித்தம், சாத்தியம் மூன்றும் வரவு பற்றியவை: இனி வருவது, கைக்கு வந்தது, பாடுபட்டால் வரக்கூடியது. தருவுக்கு, அதாவது மரத்துக்கு, உப்பளத்தில் என்ன வேலை? அங்கே உயிர்ச்சொல் ஜலம்தான். நம்மூர் அளங்கள் பல, போர் போட்டு இறைக்கும் உவர்நீரை நம்பியவை. ஒற்றைச் சொல்லோடு விடாமல் போர், மோட்டார், வாய்க்கால், பக்கத்து அளத்தோடு உள்ள நீர்ப் பங்கு எல்லாவற்றையும் விவரித்து எழுது.

பாத்தியதையையும் சுவாதீனத்தையும் ஒன்றுபோல் போட்டிருக்கிறாய். முன்னது உரிமை, பின்னது பொருள் யார் வசம் இருக்கிறது என்பது. அன்னக்குமாரு பிள்ளை எதிர் முத்துப்பயல் வழக்கை ஒருமுறை படி. 1904ஆம் ஆண்டுத் தொகுப்பில் வந்த சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு. ராமநாதபுரம் ராஜாவின் சங்குப் படுகை, பாக் நீரிணைப் பக்கம், குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. அங்கே சங்கு எடுத்தவர்கள் மேல் திருட்டுக் குற்றச்சாட்டு. கடலில் கிடப்பதை எடுப்பது திருட்டா? திருட்டு என்றால் பொருள் முதலில் ஒருவர் வசம் இருந்திருக்க வேண்டுமே. நீந்தித் திரியும் மீன், வலையில் விழும்வரை யார் வசமும் இல்லை. படுகையில் கிடக்கும் சங்கு அப்படியல்ல, அதை எடுத்தது திருட்டே என்றது நீதிமன்றம். கரையைத் தாண்டி, தண்ணீருக்கு அடியிலும் சுவாதீனம் செல்லுபடியானது. பட்டா, வேலி, எல்லைக்கல் எதுவும் அங்கே கிடையாது.

முத்துக் குளிப்பில் இன்னும் நுணுக்கம். மதுரை நாயக்கருக்கும் சேதுபதிக்கும் பரதவர் சாதித் தலைவருக்கும் ‘இத்தனை கல்’ என்று சலுகை இருந்தது. குளியாள் மூழ்குவதற்குத் துணையான கல்லே உரிமைக்கு அளவு. படுகையில் பங்கு இல்லை. அத்தனை கல்லுக்கு ஆளிறக்கி, கிடைத்த சிப்பியை எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். தூத்துக்குடியில் 1961க்குப் பிறகு குளிப்பு இல்லை. ஆனால் உன் கட்சிக்காரர் நிலைமையும் அந்தக் கல் சலுகை போலத்தான். அளம் அவருடையதல்ல, விளையும் உப்பு அவருடையது.

ஆகவே அந்த வரியை அடித்துவிடு. குத்தகை உத்தரவின் எண், தேதி, மீதியுள்ள காலம், நிலுவை வாடகை ஆகியவற்றை எழுது. கைமாற்ற அரசு அனுமதி வாங்கியிருக்கிறாரா என்று முதலில் கேள். இல்லையென்றால் முத்திரைத்தாள் வாங்காதே.

அன்புடன்,
உன் சீனியர்