உயிருக்கு விலை உண்டா?
(சாலை விபத்தும் இழப்பீட்டு வழக்கும்)



சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒரு மாலை. நம் தமிழ் மாணவர் பலருக்கும் இட்லியும் சாம்பாரும் தந்து ஊர் நினைவை ஆற்றிவந்த சிற்றுண்டிக் கடை அண்ணன், சைக்கிளில் வரும்போது லாரி மோதி இறந்தார். அவருக்கு வயது 34. ஊரிலிருந்து அவர் மனைவி இரண்டு குழந்தைகளோடு வந்து சேர்ந்தார். மூன்றாம் நாள், லாரிக்காரர் பக்கத்திலிருந்து ஓர் ஆள் வந்தார். ஓர் இலட்ச ரூபாய் கையோடு தருவதாகவும், இந்தியில் எழுதிய ஒரு தாளில் கையெழுத்திட்டால் போதும் என்றும் சொன்னார்.

"தம்பி, நீ படிச்ச பிள்ளை. இதிலே கையெழுத்துப் போடலாமா, சொல்லு" என்று அக்கா என்னைக் கேட்டார்.

நான் பௌதிகம் படிப்பவன். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. சட்டக் கல்லூரியில் படிக்கும் நண்பர் ஒருவரிடம் ஓடினேன். "கையெழுத்து வேண்டாம்" என்றார் அவர். ஏன் வேண்டாம் என்று பின்னர் நான் கற்றதையே இங்கே எழுதுகிறேன்.

சட்டம் வந்த வழி

பழைய ஆங்கிலச் சட்டத்தில் ஒரு விந்தை இருந்தது. ஒருவரைக் காயப்படுத்தினால் ஈடு தர வேண்டும். அவர் இறந்தே போனால் குடும்பத்திற்கு ஒன்றும் தர வேண்டியதில்லை! 1808-இல் குதிரை வண்டி கவிழ்ந்து மனைவியை இழந்த ஒருவரின் வழக்கில், ஓர் உயிரின் இழப்பை முறையிட்டு ஈடு கேட்க இயலாது என்றே எல்லன்பரோ பிரபு தீர்ப்புரைத்தார். புகைவண்டிகள் பெருகி விபத்துகளும் பெருகிய பின், 1846-இல் இங்கிலாந்து இந்த அநீதியைச் சட்டத்தால் மாற்றியது. இந்தியாவிற்கு அதே போன்ற சட்டம் 1855-இல் வந்தது.

ஆனால் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்காடி முடிக்க ஏழைக்குக் காலமும் ஏது, காசும் ஏது? ஆகவே 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 1956-இல் திருத்தம் செய்து, விபத்து இழப்பீட்டுக்கெனத் தனித் தீர்ப்பாயங்கள் அமைக்க வழி செய்தனர். இன்று நடப்பில் உள்ளது 1988-ஆம் ஆண்டுச் சட்டம்.

நாம் அறிய வேண்டியவை

முதலாவது, வழக்கை எங்கே தொடுப்பது? விபத்து நடந்த ஊரில்தான் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. மனுச் செய்பவர் வாழும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே தொடுக்கலாம். வடக்கே இறந்தவருக்காகத் தெற்கே வழக்காடலாம். வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி வேறில்லை.

இரண்டாவது, பணம் தருபவர் யார்? ஒவ்வொரு வண்டிக்கும் பிறருக்கு நேரும் தீங்கிற்கான காப்பீடு கட்டாயம். எனவே பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனமே தரும். ஓட்டுநர் ஏழை என்று நாம் பின்வாங்க வேண்டியதில்லை.

மூன்றாவது, ஓட்டுநரைத் தண்டிக்கும் குற்ற வழக்கு வேறு, இது வேறு. அங்கே ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும். இங்கே எது நடந்திருக்கக் கூடும் என்பதன் வலிமையே போதும். ஓட்டுநரின் தவற்றை மெய்ப்பிக்காமலே இறப்புக்கு 5 இலட்சமும் கொடுங்காயத்திற்கு இரண்டரை இலட்சமும் கோரும் வழியும் உண்டு. மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால், அரசுத் திட்டத்தில் இறப்புக்கு 2 இலட்சமும் கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாயும் கிடைக்கும்.

நான்காவது, காலம். 2022 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த திருத்தம், விபத்து நடந்த ஆறு மாதத்திற்குள் மனுச் செய்ய வேண்டும் என்கிறது. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் எழுந்துள்ளன. ஆயினும் காத்திருப்பது அறிவுடைமை ஆகாது.

கணக்கு

இழப்பீடு நீதிபதியின் இரக்கத்தைப் பொறுத்தது என்று நினைத்திருந்தேன். அப்படி அன்று, அதற்கு முறையான கணக்கு உண்டு. உச்ச நீதிமன்றம் 2009-இல் சரளா வர்மா வழக்கிலும், 2017-இல் பிரணய் சேத்தி வழக்கிலும் அதை வகுத்துத் தந்தது.

அண்ணனின் மாத வருவாய் 15,000 ரூபாய் என்று கொள்வோம். ஆண்டுக்கு 1,80,000. சொந்தத் தொழில் செய்பவர், நாற்பதுக்கு உட்பட்டவர். ஆதலால் எதிர்கால வளர்ச்சிக்கென 40 விழுக்காடு கூட்ட வேண்டும்: 2,52,000. மனைவி, இரு குழந்தைகள், தாய் என அவரை நம்பியிருந்தோர் நால்வர். ஆகவே அவருடைய சொந்தச் செலவுக்கென நாலில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும்: 1,89,000. இதை வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். 31 முதல் 35 வயது வரை அந்த எண் 16. விடை 30,24,000 ரூபாய்! துணையை இழந்ததற்கும் ஈமச் செலவிற்கும் உரிய தொகைகள் இதற்கு மேல்.

அறுபது வயது வரை 26 ஆண்டுகள் இருக்க, 16-ஆல் மட்டும் பெருக்குவது ஏன்? பின்னால் சிறுகச் சிறுக வரவேண்டிய பணம் இன்றே மொத்தமாக வருகிறது. அது வட்டி ஈட்டும். வாழ்க்கையின் நிலையாமைக்கும் கழிவு உண்டு. நம் பக்கமும் தவறு இருந்ததாகத் தீர்ப்பாயம் கண்டால், அந்தப் பங்கிற்கு ஏற்பத் தொகை குறையும்.

முப்பது இலட்சம் எங்கே, ஓர் இலட்சம் எங்கே! எண்ணிப் பாருங்கள்.

இல்லத்தரசி இறந்தால் வருவாய் இல்லையே என்று கேட்கலாம். வீட்டில் அவர் செய்யும் உழைப்புக்கும் மதிப்புண்டு என்று 2001-இலேயே கூறிய உச்ச நீதிமன்றம், 2021-இல் அதை இன்னும் உறுதியாக உரைத்தது.

நம் கடமை

அக்கா அந்தத் தாளில் கையெழுத்திடவில்லை. முதல் தகவல் அறிக்கை, பிணப் பரிசோதனை அறிக்கை, லாரியின் காப்பீட்டு விவரம், கடையின் வரவு செலவுக் குறிப்பேடு ஆகியவற்றைத் திரட்டிக்கொண்டு ஊர் திரும்பினார். பொங்கலுக்கு முன்பே அவருடைய மாவட்டத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்தாயிற்று. தீர்ப்பு இன்னும் வரவில்லை. எவ்வளவு வரும் என்று நான் சொல்ல இயலாது. கடையில் சீட்டோ ரசீதோ இல்லாததால் வருவாயை மெய்ப்பிப்பதே கடினமாக இருக்கிறது என்று வக்கீல் எழுதியிருந்தார். நாளும் அங்கே உண்ட நம்மில் இருவர் சாட்சி சொல்ல இசைந்துள்ளனர்.

உயிருக்கு விலை இல்லை. சட்டமும் உயிருக்கு விலை வைக்கவில்லை. ஒருவர் போனபின் அந்த வீட்டில் உலை எரிய என்ன வேண்டும் என்றுதான் அது கணக்கிடுகிறது. இந்நகரில் கட்டடத்திலும் கடையிலும் சமையற்கூடத்திலும் உழைக்கும் தமிழர் பலர். அவர்களுக்கு மொழி தெரியாத தாள் ஒன்று நீட்டப்படும்போது, அதைப் படித்துச் சொல்ல நம்மில் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். நம் சங்கம் அதற்கு ஓர் ஏற்பாடு செய்யுமா?