சிறுநீரகப் பரிசோதனைக்குச் சிறுநீர் சேகரிக்கும் முறை

உழவர் பெருமக்களே! மண் மாதிரி எடுக்கும்போது வரப்போரம், எருக்குவியல் இருந்த இடம், மர நிழல் ஆகியவற்றைத் தவிர்க்கிறீர்கள். மாதிரி தவறினால் உரப் பரிந்துரையும் தவறும். சிறுநீர்ப் பரிசோதனைக்கும் இது பொருந்தும்.

நாட்பட்ட சிறுநீரக நோய் தொடக்கத்தில் வலியோ வீக்கமோ காட்டாது. சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் ஆண்டுதோறும் பரிசோதித்துக் கொள்ளுதல் வேண்டும். ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும் இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் இவ்விரு நோய்களும் இல்லாத உழவர்களுக்கும் சிறுநீரகம் பழுதுபடுவது கண்டறியப்பட்டுள்ளது. கடும் வெயிலில் போதிய நீர் அருந்தாமல் உழைப்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

காலைச் சிறுநீர்

முதற்கட்டப் பரிசோதனைக்கு இதுவே போதும். காலையில் எழுந்ததும் முதலில் வருவதைச் சிறிது வெளியே விட்டு, நடுப்பகுதியைச் சுத்தமான குப்பியில் பிடிக்கவும். இதில் 1 கிராம் கிரியாட்டினினுக்கு 30 மி.கி.க்கும் குறைவாக அல்புமின் இருப்பது நல்லது. காய்ச்சல், மாதவிலக்கு நாட்களையும், கடும் உழைப்புக்கு மறுநாளையும் தவிர்க்கவும். அளவு மிகுந்திருந்தால் 3 மாதங்களுக்குள் மீண்டும் பரிசோதித்து உறுதி செய்தல் அவசியம்.

24 மணி நேரச் சிறுநீர்

மருத்துவர் கேட்டால் மட்டும் இதனைச் சேகரிக்கவும்.

1. வீட்டில் இருக்கும் நாளைத் தேர்ந்தெடுக்கவும்.
2. காலை 6 மணிக்கு முழுவதும் சிறுநீர் கழித்து, அதைக் கொட்டிவிடவும். நேரத்தைக் குறித்துக் கொள்ளவும்.
3. அதன்பின் இரவும் பகலும் கழிக்கும் ஒவ்வொரு துளியையும் ஆய்வகம் தந்த கேனில் சேர்க்கவும். மலம் கழிக்கச் செல்லுமுன் சிறுநீரைத் தனியே பிடித்துவிடவும்.
4. மறுநாள் காலை 6 மணிக்குக் கழிப்பதையும் சேர்த்து முடிக்கவும்.
5. கேனை வெயில் படாமல், குளிர்சாதனப் பெட்டியிலோ ஐஸ் இட்ட வாளியிலோ வைக்கவும். கேனில் மருந்து இருந்தால் கொட்டிவிடாதீர்கள்.
6. வழக்கம்போல் நீர் அருந்தவும். பரிசோதனைக்கென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

ஒருவேளை தவறினால்

ஒருவருக்கு 24 மணி நேரத்தில், அதாவது 1,440 நிமிடங்களில், 1,440 மி.லி. சிறுநீர் சேர்கிறது, நிமிடத்திற்கு 1 மி.லி. சிறுநீரில் கிரியாட்டினின் 100 மி.கி., இரத்தத்தில் 1 மி.கி. (இரண்டும் 100 மி.லி.க்கு) எனில், சிறுநீரகம் வடிகட்டும் திறன் நிமிடத்திற்கு 100 மி.லி. என வரும். ஒருமுறை கழித்த 360 மி.லி. கேனில் சேராவிடில் இதே கணக்கு 75 எனக் காட்டும். நலமுள்ளவர் நோயாளி ஆவார். சிறுநீரில் வெளியேறும் புரதத்தின் மொத்த அளவும் குறைந்து தோன்றும். அதனால் நோயாளியின் நோய் மறையும். முதல் நாள் கொட்ட வேண்டியதைச் சேர்த்தாலோ திறன் கூடுதலாகத் தோன்றும்.

ஆகவே ஒருமுறை விட்டுப்போனாலும், நீர் ஊற்றி அளவைச் சரிக்கட்டாமல் ஆய்வகத்தில் உண்மையைக் கூறி, புதிய கேன் வாங்கி மறுபடியும் தொடங்குங்கள். ஒரு நாள் வீணாவது பெரிதன்று. தவறான முடிவை நம்பி மருத்துவம் தள்ளிப்போவதே பெரும் இழப்பாகும்.