மாடித்தோட்டமும் காணிக்கைக் கவரும்

தங்கச்சி, மாடியில நாலு பை வச்சுக் காய்கறி போடணும், சம்பளத்துல ஒழுங்கா காணிக்கையும் எடுத்து வைக்கணும், ரெண்டுக்கும் வழி சொல்லுக்கான்னு கேட்டிருந்தே. சேர்த்தே சொல்றேன். ரெண்டுலயும் முதல்ல ஒதுக்குறதுதான் காரியம். மிச்சத்துல கொடுத்துக்கலாம்னு இருந்தா மிச்சம்னு ஒண்ணு வரவே வராது.

கீரையில ஆரம்பி. செம்மண் ரெண்டு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, நல்லா மக்குன சாணி எரு ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. கடையில விக்கிற நார்க் கட்டியை அப்படியே கலந்துராதே. அதுல உப்பு இருக்கும், செடி கருகிரும். தண்ணியில ஊறவச்சு ரெண்டு மூணு தடவை அலசிப் பிழிஞ்சிட்டுப் போடு. கலவையை ஒரு வாரம் ஈரம் காயாம வச்சிட்டு அப்புறம் விதை. கீரை விதை கடுகைவிடப் பொடிசு. மணலோட கலந்து தூவினாத்தான் ஒரே இடத்துல குமியாது. சிறுகீரையை 25 நாள் வாக்குல வேரோட பிடுங்கலாம். அரைக்கீரையை அடியில ரெண்டு விரக்கடை விட்டு அறு, திரும்பத் திரும்பத் துளிர்க்கும்.

ஆடிப் பட்டத்துல வெண்டை ஊன்று. ஒன்றரை மாசத்துல காய் வந்துரும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிச்சே ஆகணும். நமக்கு இன்னைக்குத் தேவையில்லையேன்னு செடியிலயே விட்டா காய் முத்தும், செடி தன் பலத்தையெல்லாம் விதைக்கு அனுப்பிரும், பூ குறைஞ்சிரும். பறிக்கப் பறிக்கத்தான் காய்க்கும். கொடுக்கிற கையும் அப்படித்தான்னு நான் மனசார நம்புறேன். மாவுப்பூச்சி வந்தா ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்த பிறகு இலைக்கு அடியிலயும் படுற மாதிரி தெளி.

இப்போ பணம். சம்பளம் வந்த அன்னைக்கே காணிக்கையை ரொக்கமா எடுத்து கவர்ல போட்டு, வேதப் புஸ்தகத்துக்குள்ள வை. போன்ல கிடக்கிற காசு கண்ணுக்குத் தெரியாமலே கரைஞ்சிரும். எவ்வளவுங்கிறதை வீட்டுக்காரரோட உக்காந்து ஜெபிச்சு முடிவு பண்ணு. தசமபாகம் நல்ல அளவு. வட்டிக்கு வாங்கி மட்டும் காணிக்கை போடாதே. அவரவர் இருதயத்துல நியமிச்சபடி, வருத்தமில்லாம, கட்டாயமில்லாமக் கொடுக்கணும்னுதான் பவுல் கொரிந்து சபைக்கு எழுதுறார். கீரை வாங்காம மிச்சமான இருபது ரூபாயையும் அன்னன்னைக்கே உண்டியல்ல போட்டுரு, தோட்டத்துக் காணிக்கையா இருக்கட்டும்.

ஒண்ணு மட்டும் அழுத்திச் சொல்றேன். சீரகத்துல கூட பத்துல ஒண்ணை எண்ணிக் கொடுத்துட்டு நியாயத்தையும் இரக்கத்தையும் விட்டவங்களை ஆண்டவர் கடிஞ்சுக்கிட்டார். உபாகமம் 24-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசி. ஏழைக் கூலிக்காரனுக்குப் பொழுது சாயுறதுக்குள்ள கூலி கொடுன்னு வருது. அதே அதிகாரத்துலதான் வயல்ல மறந்து விட்ட கதிர்க்கட்டைத் திரும்ப எடுக்கப் போகாதே, அது பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும்னும் வருது. வீட்டு வேலைக்கு வர்ற அம்மாவுக்குச் சம்பளம் பாக்கி வச்சிட்டு காணிக்கைத் தட்டுல நோட்டு போடாதே. முதல்ல அவங்க கணக்கு தீரட்டும். கீரைக்காரம்மாகிட்ட ரெண்டு ரூபாய்க்குப் பேரம் பேசுறதையும் விட்டுரு.

கொடுக்கிற விதம் முக்கியம். ரூத் கதிர் பொறுக்க வந்தப்போ, அவளுக்காக வேணும்னே சில கதிர்களைச் சிந்தி விடுங்க, அவளை அதட்டாதீங்கன்னு வயலுக்குச் சொந்தக்காரர் போவாஸ் வேலைக்காரங்ககிட்ட சொன்னார். வாங்குறவ தலை குனியாதபடி பார்த்துக்கிட்டார். நீயும் இளசான நல்ல காயாப் பாத்து ஒரு பையில போட்டு, "இந்த வாட்டி நிறைய காய்ச்சிருச்சு, குழம்பு வைங்க"ன்னு சொல்லிக் கொடு. பூச்சி அரிச்சதை மட்டும் அடுத்த வீட்டுக்கு அனுப்பாதே, அது எருக்குழிக்குத்தான். பணம்னா கவர்ல வச்சுக் கையில கொடுத்துட்டு அதோட மறந்துரு. இன்னொருத்தர்கிட்ட சொல்லக் கூடாது.

நம்மகிட்ட என்ன இருக்குன்னு தயங்குவே. மிசோரம் பக்கம் பிரஸ்பிட்டீரியன் சபைக் குடும்பங்கள்ல பெண்கள் ஒவ்வொரு வேளையும் உலை வைக்குமுன்ன ஒரு கைப்பிடி அரிசியைத் தனியா எடுத்து வைக்கிறாங்க. 1910 வாக்குல தொடங்கின வழக்கம். சேர்ந்த அரிசியைச் சபை விற்றுப் பணமாக்கி ஊழியத்துக்குச் செலவு பண்ணுது. எந்த ஏழை வீட்டு அடுக்களையிலயும் முடியுற காரியம் அது. நீயும் அரிசிப் பானை பக்கத்துல ஒரு டப்பா வை.

அறுப்பின் பண்டிகைக்கு உன் முதல் பறிப்பைக் கொண்டு போ, ஒரு கட்டு கீரையானாலும் சரி. ஆராதனை முடிஞ்சு, காணிக்கையா வந்த பொருள்களை ஏலம் விடும்போது, எவ்வளவு வரைக்கும் கேக்கலாம்னு முன்னாலயே மனசுல வச்சுக்கோ. அடுத்தவங்களை மிஞ்சணும்னு ஏத்தாதே. கேட்ட தொகையை அன்னைக்கே கட்டிரு. பொருளாளர் வீடு தேடி வர்ற மாதிரி விடக்கூடாது. ஏலத்துல பூசணிக்காய் எடுத்தேன்னா விதையைக் கழுவி, சாம்பல்ல புரட்டி, நிழல்ல காய வச்சு எடுத்து வை. அடுத்த பட்டத்துக்கு ஆகும். கீழ் வீட்டு அம்மாவுக்கும் நாலு விதை கொடு.