போல்ட்டுக்குப் பசையா, கிரீஸா?



யாராவது ஏடாகூடமாகப் பேசினால் "மரை கழண்டுடுச்சு" என்று கேலி செய்வோம் இல்லையா? கார் என்ஜினில் நிஜமாகவே மரை கழண்டால் என்ன ஆகும், கழலவே மாட்டேன் என்று அடம் பிடித்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரை. என் மாமா கார் மெக்கானிக். லீவில் அவர் பட்டறையில் பார்த்ததையும், அங்கே நான் பண்ணிய ஒரு தப்பையும் வைத்து எழுதுகிறேன்.

ஒரு காகிதத்தை முக்கோணமாக வெட்டி பென்சிலில் சுற்றிப் பாருங்கள். சாய்ந்த ஓரம் மரை மாதிரியே ஏறும். மரை என்பது சுருட்டி வைத்த சாய்தளம்தான். சாய்தளத்தில் வைத்த பொருள் வழுக்கி வராமல் உராய்வு பிடித்துக்கொள்கிற மாதிரி, முறுக்கிய போல்ட்டையும் உராய்வுதான் பிடித்து வைத்திருக்கிறது. ஆனால் என்ஜின் சும்மா இருக்குமா? அதிர்ந்துகொண்டே இருக்கும். போல்ட் பிடித்திருக்கும் இரண்டு பாகமும் பக்கவாட்டில் துளியூண்டு நகர்ந்தால் போதும், அந்த நொடியில் உராய்வின் பிடி விட்டுப்போய் போல்ட் லேசாகத் திரும்பும். இப்படியே திரும்பித் திரும்பித் தளர்ந்துவிடும். ஜுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் 1969-இல் இதைச் சோதனை செய்து காட்டினார். அந்த மாதிரிச் சோதனையில் நாம் நம்பிப் போடுகிற ஸ்பிரிங் வாஷர்கூட பெரிதாக உதவுவதில்லையாம்!

இதற்குத்தான் மரைப்பசை. பட்டறையில் எல்லாரும் லாக்டைட் என்பார்கள். அமெரிக்காவில் டிரினிட்டி கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த வெர்னான் கிரீபிள் 1953-இல் உருவாக்கியது. மற்ற பசைகளில் பல காற்று பட்டால் காயும். இது தலைகீழ். காற்று இருக்கிற வரை தண்ணியாகவே இருக்கும். மரைக்குள் காற்று இல்லாமல், இரும்பு மாதிரி உலோகம் தொட்டால்தான் இறுகும். புது பாட்டிலைத் திறந்து "என்ன மாமா, பாதிதான் இருக்கு, ஏமாத்திட்டாங்களா?" என்று கேட்டேன். சிரித்தார். மீதிப் பாதி காற்றாம். முழுசாக ஊற்றி வைத்தால் பாட்டிலுக்குள்ளேயே கெட்டியாகிவிடும்.

நீலம், சிவப்பு என்று இரண்டு வகை அதிகம் பார்க்கலாம். நீலம் போட்டதை சாதாரண ஸ்பேனரால் கழட்டிவிடலாம். சிவப்பு போட்டதைக் கழட்ட சுமார் 250 டிகிரி செல்சியஸ் வரை சூடு காட்டி, சூடு ஆறுவதற்குள் திருப்ப வேண்டும். தெரியாமல் சின்ன ஸ்குருவுக்கு சிவப்பைப் போட்டுவிட்டால் அதன் தலைதான் கையோடு வரும். பல என்ஜின்களில் ஃப்ளைவீல் போல்ட்டுக்கு பசை போடச் சொல்கிறார்கள். அது சுற்றுகிற வேகத்தில் கழண்டால் கியர் பாக்ஸ் கூடே உடைந்துபோகும். பசை போடும் முன் மரையில் எண்ணெய் துளிகூட இல்லாமல் துடைக்க வேண்டும். ஒன்றிரண்டு சொட்டு போதும். முழுதாக இறுக 24 மணி நேரம் விட வேண்டும்.

இன்னொரு பக்கம், கழலவே கூடாதது மாதிரி இறுகிப்போகும் போல்ட்டுகள். புகை வெளியே போகும் சைலன்சர் பக்கம் இருப்பவை இந்த ரகம். சூட்டிலும் துருவிலும் போல்ட்டும் நட்டும் ஒன்றாகிவிடும். சாதாரண மரைப்பசை சுமார் 150 டிகிரிக்கு மேல் தாங்காது, அதனால் அங்கே அதற்கு வேலையும் இல்லை. அங்கே காப்பர் கிரீஸ் தடவுவார்கள். கிரீஸில் செம்புத் தூள் கலந்தது. சூட்டில் கிரீஸ் எரிந்துபோனாலும் செம்புத் தூள் நடுவில் தங்கி இரண்டு இரும்பும் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். அலுமினியமும் நிக்கலும் கலந்ததும் உண்டு.

இங்கேதான் என் தப்பு. ஒரு பால் வேனுக்கு மாமா ஸ்பார்க் பிளக் மாற்றிக்கொண்டிருந்தார். போன் வந்து வெளியே போனார். அடுத்த தடவை ஈசியாகக் கழட்டலாமே என்று நான் புது பிளக் மரை முழுக்க காப்பர் கிரீஸ் பூசினேன். ஸ்பேனருக்கு நீளமாக பைப் மாட்டி நல்லா இறுக்கினேன். இறுக்கமாகத்தான் வந்தது, திடீரென்று லூசாகச் சுற்றியது. கழட்டினால் பிளக்கோடு வெள்ளிக் கம்பி மாதிரி அலுமினியச் சுருள் வந்தது. ஹெட்டில் இருந்த மரை போச்சு.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூட பரவாயில்லை.

காரணத்தை அப்புறம் சொன்னார். நாம் போல்ட்டை முறுக்கும் பலத்தில் சுமார் 100-க்கு 90 பங்கு உராய்வுக்கே போய்விடும். தலைக்கு அடியில் பாதி, மரையில் 40 பங்கு. மீதி 10 பங்குதான் நிஜமாகப் பிடித்து இழுக்கிறது. கிரீஸ் உராய்வைக் குறைத்துவிட்டால் அதே பலத்துக்கு இழுவை ரொம்ப ஏறிவிடும். அலுமினிய ஹெட்டில் 14 மில்லிமீட்டர் பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் முறுக்கம்தான் கணக்கு, அதுவும் காய்ந்த மரைக்கு! நான் கிரீஸும் பூசி பைப்பும் போட்டேன். என்.ஜி.கே. பிளக்குகளின் மரையில் ஏற்கெனவே துருப்பிடிக்காத பூச்சு இருப்பதால் வேறெதுவும் பூச வேண்டாம் என்று அந்த நிறுவனமே சொல்கிறது.

ஹெட்டைக் கழட்டி லேத்துக்குக் கொண்டுபோய், ஓட்டையைப் பெரிசாக்கி உள்ளே புது மரை வைத்து, திரும்ப மாட்ட இரண்டு நாள் ஆச்சு. அந்த அண்ணன் இரண்டு நாளும் வாடகை வண்டியில் பால் எடுத்தார். வாடகையை மாமாதான் கொடுத்தார். இப்போது பட்டறையில் டார்க் ரெஞ்சை நான்தான் துடைத்து வைக்கிறேன்.

அறிவியல் சார் அனுமதியோடு ஆய்வக மேசையில் இரண்டு போல்ட் நட்டு வைத்திருக்கிறேன். ஒன்று சும்மா முறுக்கியது, இன்னொன்று நீலப் பசை போட்டு ஒரு நாள் ஆனது. ஸ்பேனர் சாரிடம் இருக்கு. எது எது என்று கழட்டிப் பார்த்துக் கண்டுபிடியுங்கள். பைப் மாட்டாதீர்கள்.