மூன்று எழுத்தும் பதின்மூன்று சொற்களும்

ஆங்கிலம் என்றாலே அஞ்சி ஒதுங்கும் மாணவர்களுள் நானும் ஒருவனாக இருந்தேன். தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரியில் சேர்ந்த முதல் மாதம், ஆங்கில வகுப்பில் ஒரு பத்தியை எழுந்து நின்று படிக்கும்படி பணிக்கப்பட்டேன். அதில் கரடியைக் குறிக்கும் சொல் வந்தது. 'பேர்' என்று ஒலிக்க வேண்டியதைப் 'பியர்' என்று ஒலித்துவிட்டேன். கரடி மதுவாகிவிட்டது; வகுப்பே சிரித்தது. அதன்பின் பல நாள் கடைசி வரிசையே எனக்குப் புகலிடமாயிற்று.

நான் செய்தது பிழைதான். ஆயினும் காரணமில்லாத பிழையன்று. 'டியர்', 'நியர்' ஆகிய சொற்களை நான் முன்பே அறிவேன். அவை முடியும் அதே ஈ, ஏ, ஆர் என்னும் மூன்று எழுத்துகளில்தான் கரடியும் முடிகிறது. எழுத்து ஒன்றானால் ஒலியும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? தமிழில் பழகிய எவரும் இப்படித்தான் எண்ணுவர்.

விளையாட்டில் கிடைத்த விடை

இப்புதிரை அவிழ்த்தது விடுதியில் மூத்த மாணவர் ஒருவர் வைத்திருந்த ஸ்கிராபிள் என்னும் சொல் விளையாட்டு. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ் என்பார், 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை இழந்திருந்தபோது உருவாக்கியது இது. செய்தித்தாளில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தே அவர் எழுத்துகளைப் பங்கிட்டார். ஆட்டத்தின் 100 வில்லைகளில் 'ஈ' 12, 'ஏ' 9, 'ஆர்' 6. ஆக, நம் மூன்று எழுத்துகள் மட்டுமே 27!

இம்மூன்றும் சேர்ந்தால் காது என்று பொருள்படும் 'இயர்' என்ற சொல் கிடைக்கும். அதற்கு மூன்று புள்ளிதான். ஆனால் அதன் முன்னே ஒரே ஓர் எழுத்தைச் சேர்த்தால் புதிய சொல் பிறக்கும். 'ஒய்' சேர்த்தால் ஆண்டு; ஏழு புள்ளி. 'டி' சேர்த்தால் அன்புக்குரிய என்னும் பொருள், ஐந்து புள்ளி. இவ்வாறு பன்னிரண்டு சொற்களை எழுதினேன். காதையும் சேர்த்துப் பதின்மூன்று.

பிறகு அவற்றை ஒலிப்படி பிரித்தேன். அன்பு, அச்சம், வண்டியின் கியர், கேட்டல், அருகு, பின்புறம், கருகச் சுடுதல், ஆண்டு ஆகிய எட்டும் காதைப் போலவே 'இயர்' என முடிகின்றன. கரடி, பேரிக்காய், உடுத்தல் ஆகிய மூன்றும் 'ஏர்' என முடிகின்றன. எஞ்சிய ஒன்று இரு பக்கமும் நிற்கிறது: கண்ணீர் எனில் 'டியர்', கிழித்தல் எனில் 'டேர்'. நான் மனத்தில் வைக்க வேண்டியவை அந்த மூன்றும் இந்த ஒன்றும் மட்டுமே.

பின்னேயும் எழுத்துச் சேர்த்துப் பார்த்தேன். பூமி 'எர்த்', முத்து 'பெர்ல்', கற்றல் 'லெர்ன்'. பன்மையும் இறந்தகாலமும் காட்டும் விகுதிகள் நீங்கலாக, பின்னே ஒரு மெய்யொலி வந்தால் பெரும்பாலும் 'எர்' என்றே ஒலிக்கிறது. தாடியைக் குறிக்கும் 'பியர்ட்', இதயத்தைக் குறிக்கும் 'ஹார்ட்' போன்ற சில இதற்கு விலக்கு. ஆக, மூன்று எழுத்துக்கு நான்கு ஒலிகள்!

ஏன் இந்த முரண்?

வில்லியம் காக்ஸ்டன் 1476இல் இங்கிலாந்தின் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவினார். அச்சு பரவப் பரவ எழுத்துக்கூட்டல் மெல்ல நிலைபெற்றது. ஒலியோ நிற்கவில்லை. ஏறத்தாழப் பதினைந்தாம் நூற்றாண்டு முதல் பதினெட்டாம் நூற்றாண்டு வரை ஆங்கில நெடில் உயிரொலிகள் இடம் மாறிக்கொண்டே இருந்தன. எல்லாச் சொற்களும் ஒரே சீராக மாறவும் இல்லை. கரடியும் பேரிக்காயும் ஒரு வழி சென்றன. ஆண்டும் அச்சமும் வேறு வழி சென்றன. எழுத்து மட்டும் பழைய உறவைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

தமிழிலும் ஓரெழுத்துக்குப் பல ஒலி உண்டு. கடல், தங்கம், அகம் என்று சொல்லிப் பாருங்கள். ககரம் மூன்று விதமாக ஒலிக்கும். ஆனால் இங்கே எழுத்து நிற்கும் இடம் ஒலியைத் தீர்மானிக்கிறது. அங்கே பல வேளைகளில் சொல்லின் வரலாறே தீர்மானிக்கிறது. ஆதலின் ஆங்கிலச் சொல்லைக் கண்டு எழுதவும், கேட்டு ஒலிக்கவும் கற்க வேண்டும். கேளாத சொல்லைத் தவறாக ஒலிப்பது அறிவுக் குறைவன்று.

நண்பர்களே, ஒரு குறிப்பேட்டை எடுங்கள். ஓர் எழுத்துத் தொடரைத் தலைப்பாக இட்டு, அதில் முடியும் சொற்களைத் திரட்டுங்கள். பின் ஒலிப்படி பிரித்து, நண்பர் ஒருவரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். நான் அடுத்து எடுத்திருப்பது ஓ, யு, ஜி, எச் என முடியும் குடும்பம். அதில் ஐந்து சொல்லுக்கு ஐந்து ஒலி இருக்கக் காண்கிறேன்!

இப்போது நான் இரண்டாம் வரிசையில் அமர்கிறேன். சென்ற வாரம் மீண்டும் படிக்கச் சொன்னார்கள், எழுந்து படித்தேன். ஓரிடத்தில் தவறினேன். யாரோ சிரித்தார்கள். அந்தச் சொல்லைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு மேலே படித்தேன்.