பட்டு எது? பளபளப்பு எது?

நிக்காஹ் மாதங்களில் திண்டுக்கல் வட்டாரத்தில் தவறாமல் எழும் மஸ்அலா ஒன்று உண்டு. மாப்பிள்ளைக்கு எடுத்த துணி பளபளக்கிறது. கடைக்காரர் அதைப் 'பட்டு' என்கிறார். அதை ஆண் அணியலாமா? இதற்கு விடை காண, பட்டு என்பது எது என்பதை நாம் முதலில் அறிய வேண்டும்.

பட்டுப்புழு கட்டும் கூட்டிலிருந்து எடுக்கப்படும் இழையே பட்டு. சீனர்கள் நெடுங்காலம் அதன் இரகசியத்தைக் காத்தனர். கி.பி. 6-ஆம் நூற்றாண்டில்தான் புழுவின் முட்டைகள் ரோமாபுரியின் கிழக்குத் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளை எட்டின. அரசர்களின் ஆடம்பர உடையாக விளங்கிய அந்தப் பட்டைத்தான், தம் உம்மத்தின் ஆண்களுக்கு ஹராம் என்றும் பெண்களுக்கு ஆகுமென்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். சொறியால் வருந்திய ஜுபைர் (ரலி), அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) ஆகிய இருவருக்கும் விலக்கு அளித்தார்கள்.

கலப்புத் துணியின் சட்டம் என்ன? நம் பகுதி ராவுத்தர்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் ஊடையே கவனிக்கப்படும். பாவு பட்டாயினும் ஊடை பருத்தியானால் ஆகும். ஷாபிஈ மத்ஹபில் எடை பார்க்கப்படும். பட்டு மிகுந்தால் ஆகாது. குஜராத் நெசவாளர்கள் பட்டுப் பாவும் பருத்தி ஊடையும் இட்டு நெய்த துணிக்கு 'மஷ்ரூ' என்று பெயர். மார்க்கம் அனுமதித்தது என்பதே அதன் பொருள். வெளியே பட்டின் மினுமினுப்பு. உடலைத் தொடுவதோ பருத்தி.

இனி, நம் பக்கத்துச் சின்னாளபட்டிக்கு வருவோம். அவ்வூருக்குப் பெயர் தேடித் தந்த 'ஆர்ட் சில்க்' சேலைகள் செயற்கைப் பட்டால் ஆனவை. அந்த ரேயான் இழை மரக்கூழிலிருந்து பிறப்பது. அதைச் செய்யும் விஸ்கோஸ் முறைக்கு இங்கிலாந்தில் 1892-இல் காப்புரிமை பெறப்பட்டது. புழுவுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. எனவே அவ்விழையில் நெய்த சட்டையோ வேட்டியோ, பெயரில் பட்டு இருப்பதால் மட்டும் ஹராமாகிவிடாது.

ஐயம் வந்தால் துணியின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பட்டு, முடி கருகும் நாற்றம் தரும். ரேயான், காகிதம் எரியும் வாடை தரும். பாவிலும் ஊடையிலும் தனித்தனியே பார்ப்பது நல்லது.

சகோதரர்களே! ஹலாலை ஹராமென்று தடுப்பதும் குற்றம். ஹராமை ஹலாலென்று அணிவதும் குற்றம். ஆகுமான துணியானாலும், பிறர் முன் பெருமையடிக்க உடுத்தினால் அந்தப் பெருமைக்கு விசாரணை உண்டு. நம் உடையையும் உள்ளத்தையும் அல்லாஹ் தூய்மையாக்கி வைப்பானாக! ஆமீன்.