தேடுபொறியும் கோலார் தங்கவயலும்: எழுதிய குறிப்பு வாசகரை அடையும் வழி

கர்நாடக மாநிலத்துக் கோலார் தங்கவயலில் 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் தொடங்கிய சுரங்கத் தொழில், 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டதோடு ஓய்ந்தது. வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கு உழைத்தன. 1902இல் சிவசமுத்திரத்து நீர்மின்சாரம் இச்சுரங்கங்களுக்கு வந்தது. 1965இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோக்களின் தடயம் பதிவு செய்யப்பட்டது. இவை யாவும் மாணவர் அறியத்தக்க செய்திகளாம்.

ஆயினும், இவ்வூரைக் குறிக்கும் கே.ஜி.எஃப். என்ற மூன்று எழுத்துக்களை மாணவன் ஒருவன் தேடுபொறியில் இட்டால், 2018இலும் 2022இலும் வெளிவந்த கன்னடத் திரைப்படங்களைப் பற்றிய பக்கங்களே பெரும்பாலும் முன்னிற்கின்றன. சுரங்கத்தில் இறங்கி உழைத்தோர் இன்று முதுமையை எய்தியுள்ளனர். அவர் கூறுவனவற்றை ஆசிரியர் ஒருவர் எழுதி இணையத்தில் வெளியிட்டும், தேடுவோர் கைக்கு அது எட்டாவிடின், எழுதாமைக்கு ஒப்பாகவே முடியும். ஆகவே தேடுபொறி செயற்படும் முறையைப் புதிதாக எழுதத் தொடங்குவோர் அறிதல் இன்றியமையாதது.

தேடுபொறி செயற்படும் முறை

தேடுபொறியின் பணி மூன்று படிகளை உடையது. முதற்கண், அதன் நிரல்கள் ஒரு பக்கத்திலுள்ள இணைப்பைப் பின்பற்றி மற்றொரு பக்கத்திற்குச் சென்று, கண்டவற்றைச் சேகரிக்கின்றன. இரண்டாவதாக, நூலின் இறுதியில் சொல்லடைவு அமைப்பது போல, எச்சொல் எப்பக்கத்தில் உள்ளது என்னும் அட்டவணை ஆக்கப்படுகிறது. மூன்றாவதாக, ஒருவர் சொல்லொன்றை இட்டதும், அதற்கேற்ற பக்கங்கள் தகுதிவாரியாக வரிசைப்படுத்தப்படுகின்றன.

வரிசைப்படுத்தும் விதிகள் பல. அவற்றுள் அடிப்படையானவை இரண்டு. எங்கும் வழங்கும் சொல்லினும் அரிதாக வழங்கும் சொல்லுக்கு மதிப்பு மிகுதி என்பது 1972இல் காரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் விளக்கிய கருத்து. பிற பக்கங்கள் பல சுட்டும் பக்கத்திற்கு மதிப்பு மிகுதி என்பது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேஜ், செர்கே பிரின் ஆகியோர் வகுத்து 1998இல் வெளியிட்ட முறை. கூகுள் தேடுபொறி இம்முறையைக் கொண்டே எழுந்தது.

பெயரிடுதல்

‘பழைய நினைவுகள்’ என்ற தலைப்பு ஆயிரம் ஊர்களுக்குப் பொருந்தும். ஆதலின் எவ்வூரையும் காட்டாது. ‘கோலார் தங்கவயல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் நியூட்ரினோ ஆய்வு, 1965’ என்பது ஒன்றையே காட்டும். அரிய சொற்களான சாம்பியன் ரீஃப், ஊரிகம், மாரிக்குப்பம், ராபர்ட்சன்பேட்டை ஆகியவையே குறிப்பைத் திரைப்படச் செய்திகளினின்று பிரித்துக் காட்டுவன.

ஒரே ஊரைச் சிலர் ‘தங்கவயல்’ என்றும், சிலர் ‘தங்க வயல்’ என்றும், வேறு சிலர் ‘கே.ஜி.எஃப்.’ என்றும் எழுதுவர். இவ்வடிவங்கள் ஒவ்வொன்றும் உரிய இடத்தில் ஒருமுறையேனும் இயல்பாக வருதல் நன்று. தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டி நிற்பதால், ‘வயலில்’, ‘வயலுக்கு’ என்பனவற்றோடு உருபேற்காத ‘வயல்’ என்னும் வடிவமும் தலைப்பில் இருத்தல் வேண்டும்.

வாசகர் தேடும் சொல்லையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1940 முதல் 1946 வரை இங்கு நடந்த ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட 7,653 தொழிலாளருள் 3,402 பேருக்குச் சிலிகோசிஸ் நோய் காணப்பட்டது. இதனை எழுதுவோர் ‘சிலிகோசிஸ்’ என மட்டும் கூறின் மருத்துவரே காண்பர். ‘கல்தூசியால் வரும் நுரையீரல் நோய்’ என்றும் விளக்கினால், அந்நோயுற்றவரின் மகனும் காண்பான்.

எழுத்தும் படமும்

பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட தமிழைத் தேடுபொறி தமிழெனக் கொள்வதில்லை. தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்றுக்கொண்ட யூனிகோட் முறையிலேயே எழுதுதல் வேண்டும். கட்டுரையைப் படமெடுத்து அப்படத்தை மட்டும் வெளியிடுவது பெரும்பாலும் பயன் தராது. நிழற்படத்தின் கீழ் இடம், ஆண்டு, பொருள் ஆகியவற்றை எழுத்தால் குறிக்க வேண்டும்.

இணைப்பும் நேர்மையும்

அண்டைப் பள்ளி ஆசிரியர் இருவர் ஒருவர் குறிப்பை மற்றவர் பொருத்தமான இடத்தில் சுட்டினால், தேடுபொறி இரண்டையும் எளிதிற் கண்டறியும். ஆனால் ஒரே சொல்லைப் பன்முறை அடுக்குவதும், கண்ணுக்குப் புலப்படாதவாறு சொற்களை மறைத்து வைப்பதும், விலை கொடுத்து இணைப்புப் பெறுவதும் ஏமாற்று எனக் கொள்ளப்பட்டு, அப்பக்கம் பின்னுக்குத் தள்ளப்படும். பயன் சில நாட்களில் தோன்றாது. வாரங்களும் மாதங்களும் செல்லும்.

சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் விளங்கிய எஸ். ஆர். இரங்கநாதன், 1931இல் நூலக இயலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். நூலானது தனக்குரிய வாசகரை அடையுமாறு செய்வது நூலகத்தின் கடன் என்பது அவற்றுள் ஒன்றன் கருத்து. இணையத்தில் அக்கடனிற் பாதி எழுதுவோரையே சாரும்.

பயிற்சி

1. தம் ஊரின் தொழில் ஒன்றைப் பற்றி ஒரு குறிப்பு எழுதி, அதற்கு மூன்று தலைப்புக்கள் அமைக்குமாறு மாணவரைப் பணிக்க. எத்தலைப்பு வேறெவ்வூருக்கும் பொருந்தாது என ஆராய்க.

2. அக்குறிப்பைத் தேட விரும்பும் ஐவரிடம், எச்சொல்லை இட்டுத் தேடுவர் எனக் கேட்டு எழுதுக. அச்சொற்கள் குறிப்பில் உள்ளனவா எனச் சரிபார்க்க.

3. வெளியிட்டு மூன்று மாதம் கழிந்தபின், கூகுள் கட்டணமின்றி அளிக்கும் சர்ச் கன்சோல் என்னும் கருவியால், வாசகர் எச்சொற்களின் வழியே வந்தனர் என்று கண்டு, தலைப்பைத் திருத்துக.